‘செக்ரிகேஷன்’: போர்டில் தமிழில் என்ன எழுதுவது, மகளுக்கு என்ன பதில் சொல்வது?

அவிநாசி வாசகி:

எல்லோருக்கும் வணக்கமுங்க. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஃப்ளோர் சூப்பர்வைசராக இருக்கிறேன். பையர் ஆடிட் (துணி வாங்கும் கம்பெனியின் சோதனை) வரப்போகிறது. கட்டிங்கிலிருந்து வேஸ்ட் குடோன் வரைக்கும் தமிழில் போர்டு மாட்டச் சொல்லியிருக்கிறார்கள். செக்லிஸ்டில் ‘செக்ரிகேஷன்’ என்ற ஒரே சொல் நாலு இடத்தில் வருகிறது. துணி ரோலை ஷேடு வாரியாக அடுக்குவது, ரிஜெக்ட் ஆன பீஸ் நல்ல பீஸோடு கலக்காமல் பார்ப்பது, கெமிக்கல் ரூமில் ஒன்றோடொன்று சேரக்கூடாத கேன்களைத் தள்ளி வைப்பது, அப்புறம் குப்பை. நாலுக்கும் ‘பிரித்தல்’ என்றே எழுதிவிடலாமா, இல்லை இடத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றணுமா? படிக்கப்போவது டெய்லர்களும் ஹெல்பர்களும். அவர்களுக்குப் புரியவேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. மகள் கோவையில் கல்லூரியில் வரலாறு படிக்கிறாள், அமெரிக்க நிறப் பாகுபாடு பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறாள். நான் போர்டு விஷயத்தைச் சொன்னதும், “அம்மா, அமெரிக்காவுல கறுப்பு மக்களுக்குத் தனி ஸ்கூல், தனிக் குழாய்னு வெச்சிருந்தாங்களே, அதுக்கும் இதே வார்த்தைதான். உங்க கம்பெனியில அதை நல்ல பழக்கம்னு சுவத்துல எழுதி வெக்கறீங்க. எங்க புக்குல அது கொடுமைனு இருக்குது. எப்பிடி ஒரே வார்த்தை ரெண்டுக்கும் வரும்?” என்று கேட்டுவிட்டாள். பொருளைப் பிரித்தால் சரி, மனிதரைப் பிரித்தால் தப்பு என்று சொன்னேன். அது அவ்வளவு சுலபமாக முடிகிற பதில் இல்லை என்று எனக்கே தோன்றுகிறது. எங்கள் கேன்டீனில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் ஒரு பக்கமும் நம் ஊர்க்காரர்கள் ஒரு பக்கமுமாகத்தான் உட்காருகிறார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. அதையும் இந்தச் சொல்லில் சேர்ப்பதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பல்லடம் கட்டிங் மாஸ்டர்:

போர்டு வரைக்கும் நான் சொல்கிறேன் அக்கா. நாலுக்கும் ஒரே சொல் வேண்டாம். பிரிப்பதற்குக் காரணம் நாலிலும் வேறு வேறு, அந்தக் காரணம் போர்டில் தெரியவேண்டும்.

சாயப் பட்டறையில் ஒரே கலர் போட்டாலும் பேட்ச்சுக்கு பேட்ச் நூல் அளவாவது வித்தியாசம் வரும். குழல் விளக்கில் பார்த்தால் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும். முன்பக்கம் ஒரு ரோலிலும் கை இன்னொரு ரோலிலும் வெட்டித் தைத்து வெயிலில் பிடித்தால் அப்போதுதான் குட்டு வெளிப்படும். அதனால் அங்கே ‘ஒரு ஷேடு, ஒரு அடுக்கு’ என்று எழுதுங்கள். ரிஜெக்ட் பீஸுக்கு ‘கழித்த பீஸ், நல்ல பீஸோடு சேர்க்காதே’.

கெமிக்கல் ரூமில் மட்டும் ‘பிரித்தல்’ என்று எழுதவே எழுதாதீர்கள். ஹைப்போவும் (வெளுக்கப் போடும் சோடியம் ஹைப்போகுளோரைட்) ஆசிட்டும் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருந்தால்கூட ‘பிரிச்சுத்தானே வெச்சிருக்கு’ என்பான். கசிந்து கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சு முட்டிவிடும். அங்கே ‘தள்ளி வை, பக்கத்தில் வைக்காதே’ என்று சிவப்பில் எழுதுங்கள். எந்தக் கேனுக்கு எது ஆகாது என்று படமும் போட்டுவிட்டால் ஒடியா, இந்திக்காரப் பையன்களுக்கும் புரியும்.

உடுமலை விவசாயி:

இந்தச் சொல் எங்கள் காட்டிலும் உண்டு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் மெண்டலின் ‘தனித்துப் பிரிதல் விதி’ என்று படித்திருப்பீர்கள், அது இதே செக்ரிகேஷன்தான். நெட்டைப் பட்டாணியையும் குட்டைப் பட்டாணியையும் அவர் ஒட்டுச் சேர்த்தார். முதல் தலைமுறையில் அத்தனையும் நெட்டை. அதன் விதையைப் போட்டதும் குட்டை திரும்பி வந்தது: 787 நெட்டை, 277 குட்டை. 1866இல் கட்டுரையாக வெளியிட்டார். குட்டைக் குணம் அழியவில்லை, நெட்டையோடு கலந்து நடுத்தரமாகவும் ஆகவில்லை. அது தன் பாட்டுக்கு உள்ளே இருந்து, விந்தும் முட்டையும் உருவாகும்போது மறுபடி தனியாகப் பிரிந்தது.

இது ஏட்டுச் சமாச்சாரம் என்று நினைக்கவேண்டாம். எங்கள் பக்கம் தக்காளி போடுகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். வீரிய ஒட்டு ரகத்தில் நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து, விதைச் செலவு மிச்சம் என்று அடுத்த பட்டத்துக்கு நாற்று விட்டால், ஒரு செடியில் உருண்டைக் காய், அடுத்ததில் நீளக் காய், இன்னொன்றில் தோல் மெலிந்து பெட்டியிலேயே நசுங்குகிற காய் என்று வரும். சந்தையில் கூறு போட்டுத்தான் விற்கணும். கம்பெனிக்காரன் ஏதோ செய்துவிட்டான் என்று பலர் திட்டுவார்கள். உள்ளே இருந்த குணங்கள் பிரிந்து வந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

கரும்பை நாம் விதையில் போடாமல் கரணையில் (கணுவோடு வெட்டிய துண்டில்) நடுவதற்கும் இதுதான் காரணம். கோவையில் கரும்பு நன்றாகப் பூக்கும் என்பதாலேதான் 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையத்தை அங்கே வைத்தார்கள். பூவிலிருந்து எடுத்த விதையில் முளைக்கிற ஒவ்வொரு நாற்றும் ஒரு தினுசாக இருக்கும். அந்தப் பிரிதலிலிருந்துதான் ஆராய்ச்சிக்காரர்கள் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எடுத்தபிறகு அது மறுபடி பிரிந்துவிடாமல் கரணை கரணையாகவே பெருக்குகிறார்கள். ‘கோ’ என்று பெயர் தொடங்கும் அந்நிலையத்து ரகங்கள் இப்படி வந்தவைதான்.

உங்கள் மகளிடம் சொல்லுங்கள்: இந்தப் பிரிதலை யாரும் யார்மேலும் திணிப்பதில்லை. பிரிந்ததில் உயர்த்தி தாழ்த்தியும் கிடையாது.

நாமக்கல் சைட் இன்ஜினியர்:

எங்களுக்கு இந்தச் சொல் கேட்டாலே ஆகாது. கான்கிரீட்டில் செக்ரிகேஷன் என்றால் ஜல்லி தனி, கலவை தனி ஆகிவிட்டது என்று பொருள். தண்ணீர் அதிகமாக ஊற்றினாலும், உயரத்திலிருந்து கொட்டினாலும், வைப்ரேட்டரை ஒரே இடத்தில் வைத்துக்கொண்டே இருந்தாலும் ஜல்லி கீழே இறங்கி சிமெண்ட் பால் மேலே வந்துவிடும். ஐ.எஸ். 456 விதிப்புத்தகம் 1.5 மீட்டருக்கு மேல் தாராளமாகக் கொட்டக்கூடாது என்கிறது. தூண் பலகையைப் பிரித்தால் அடியில் ஜல்லி பல்லை இளித்துக்கொண்டு நிற்கும், உள்ளே கம்பி தெரியும். மேலே சிமெண்ட் பூசி மறைக்கச் சொல்கிற ஆட்களும் இருக்கிறார்கள். மறைத்தாலும் அந்தத் தூண் பலம் இல்லாத தூண்தான். ஆக அக்கா, பொருளிலும் எல்லா இடத்திலும் பிரிப்பது நல்லது என்று இல்லை.

கரூர் ஆடிட்டர் ஆபீஸ்:

கணக்கிலும் உண்டு. பணம் வாங்குகிறவரும் பேரேடு எழுதுகிறவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பதற்கு ‘செக்ரிகேஷன் ஆஃப் டியூட்டீஸ்’ என்று பெயர். பங்குத் தரகர் வாடிக்கையாளர் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்கக்கூடாது என்பதும் இதே வகை. கலந்தால் திருட்டு சுலபம், கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஓய்வுபெற்ற துப்புரவு ஆய்வாளர், ஈரோடு மாவட்டம்:

நான் குப்பையோடு வேலை பார்த்த ஆள் அம்மிணி. எந்த நகராட்சி என்று சொல்லவில்லை, நம் கொங்குப் பக்கம்தான். மகள் கேட்டது சரியான கேள்வி. என் பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் குப்பை. 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னது: மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டிலிருந்து வரும் அபாயக் கழிவு. நம் ஊரில் இதற்குத் ‘தரம் பிரித்தல்’ என்றே சொல்லிப் பழகிவிட்டது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலி வேறு கிழங்கு வேறு என்று தரம் பிரிப்பதைப் பார்த்து வளர்ந்த ஊர், அதனால் சொல் யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. உங்கள் வேஸ்ட் குடோனுக்கும் அதையே எழுதுங்கள். கட்டிங் வேஸ்டில் வெள்ளை தனி, கலர் தனி என்று பெண்கள் உட்கார்ந்து பிரிப்பதும் தரம் பிரித்தல்தான். எண்ணெய் பட்ட துணி, சாப்பாடு பட்ட துணி அதில் விழுந்தால் நூல் மில்லுக்குப் போகிற மூட்டையே கெட்டுவிடும்.

இப்போது நான் சொல்ல வந்தது. வீட்டில் பிரிக்காத குப்பை பிரியாமலே போய்விடுவதில்லை. யாராவது ஒருவர் கையால் பிரித்தாகணும். உரக்கூடத்தில் ஒரு கேரி பேக்கைப் பிரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? முடிச்சு இறுகிப்போயிருக்கும், நகத்தால்தான் கிழிக்கணும். மேலே புளித்த சோறும் சாம்பாரும். அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய நாப்கின். அதற்கும் அடியில் உடைந்த டியூப்லைட்டு, ஷேவிங் பிளேடு, சர்க்கரை ஊசி. நாப்கினைத் தனிப் பையில் சுற்றி மக்காத குப்பையோடு கொடுக்கணும் என்று அதே 2016 விதியில் இருந்தது, படித்தவர்கள் வீட்டிலேயே செய்ததில்லை. கையுறை போட்டால் முடிச்சு அவிழாது என்று கழற்றிவிட்டுத்தான் வேலை செய்வார்கள். பிளேடு கிழித்த விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாள் அதே கையோடு வருவார்கள்.

அந்தக் கை யாருடையது? நான் வேலை பார்த்த இடத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒரே சமூகம், அருந்ததியர். அப்பா செய்தார், மகன் செய்கிறான், மருமகளும் வருகிறாள். வேறு சாதியில் ஒருவர் இந்த வேலைக்கு எழுதிப்போட்டு உள்ளே வந்தாலும், ஆறு மாசத்தில் ஆபீஸ் வேலைக்கோ டிரைவர் வேலைக்கோ மாறிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இப்போது ‘தூய்மைப் பணியாளர்’ என்று மரியாதையாகக் கூப்பிடச் சொல்லி அரசு பெயரை மாற்றியிருக்கிறது. பெயர் மாறியதில் எனக்குச் சந்தோசம்தான். ஆட்கள் மாறவில்லை.

காலையில் அவர்களோடு டீ குடிக்கப் போனால், எனக்குக் கண்ணாடி டம்ளரில் வரும். அவர்களுக்குப் பேப்பர் கப்பில் வரும், கல்லாவுக்கு வெளியே. அந்தக் காலத்தில் கொட்டாங்குச்சி, அப்புறம் தனி டம்ளர், கழுவி அவர்களே ஆணியில் மாட்டணும். இப்போது பேப்பர் கப்பு வந்ததும் ‘எல்லாருக்கும் சுகாதாரமுங்க’ என்று கடைக்காரர் சொல்லலாம். பக்கத்தில் பைக்கில் வந்திறங்கியவருக்குக் கேட்காமலே கண்ணாடி டம்ளர் போவதைப் பார்த்தால்தான் விசயம் புரியும். நான் எனக்கும் பேப்பர் கப்பு கேட்டேன். பிறகு எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர் கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டாவதற்குத்தான் சண்டை வந்தது.

ஆக, மகள் நினைப்பது போல அமெரிக்காவில் ஒரு அர்த்தமும் நம் கம்பெனியில் ஒரு அர்த்தமும் என்று தனித்தனியாக இல்லை. இங்கே ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஊரார் தங்கள் வீட்டில் குப்பையைப் பிரிக்காமல் இருக்க முடிகிறது என்றால், பிரிப்பதற்கென்று மனிதர்களை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறோம் என்பதால்தான் முடிகிறது.

சட்டத்தில் அரசியல் அமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. ஆனாலும் சிறைக் கையேடுகளில் சமைக்க ஒரு சாதி, கூட்டிப் பெருக்க ஒரு சாதி என்று எழுத்திலேயே இருந்தது. 2024 அக்டோபர் 3ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லி, சிறைப் பதிவேட்டில் இருக்கும் சாதிக் கட்டத்தையே எடுக்கச் சொன்னது. இதைக் கட்டுரையில் சேர்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வைக்கம். கோயிலுக்குள் விடு என்றுகூட அங்கே கேட்கவில்லை, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கத்தான் 1924இல் போராடினார்கள். அதில் சிறைக்குப் போன பெரியார் நம் ஈரோட்டுக்காரர். அமெரிக்கக் குழாயைப் பற்றி எழுதுகிற பிள்ளை, பக்கத்து ஊர்க்காரர் தெருவுக்காகச் சிறை போனதையும் எழுதட்டும்.

அவிநாசி வாசகி:

அய்யா, நீங்கள் எழுதியதை அப்படியே மகளுக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்துத்தான் கூப்பிட்டாள். அவளுக்கு ஒரு சந்தேகம். வகுப்பில் ஒரு பையன், “பஸ்ஸில் லேடீஸ் சீட்டும் தனிதானே, இட ஒதுக்கீடும் ஆளைப் பிரிப்பதுதானே, அதெல்லாம் மட்டும் சரியா?” என்று கேட்டானாம். இவளால் உடனே பதில் சொல்ல முடியவில்லையாம். நீங்கள் சொன்னால் நல்லா இருக்கும்.

கோபி பொருளியல் ஆசிரியர்:

அய்யா பதில் எழுதுவதற்குள் கேன்டீன் பற்றி நான் சொல்லிவிடுகிறேன். தாமஸ் ஷெல்லிங் என்ற பொருளியல் அறிஞர் (2005இல் நோபல் வாங்கியவர்) 1971இல் இதைப் பற்றி எழுதினார். கட்டம் போட்ட தாளில் இரண்டு வகைக் காசுகளைப் பரப்பி வையுங்கள். பக்கத்தில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காவது தன் வகையாக இருந்தால் போதும் என்று ஒவ்வொரு காசும் நினைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அது குறைந்தால் மட்டும் காசை வேறு காலிக் கட்டத்துக்கு நகர்த்துங்கள். யாருக்கும் யார்மேலும் வெறுப்பு இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் தாள் முழுக்க இது ஒரு பக்கம், அது ஒரு பக்கம் என்று கொத்துக் கொத்தாகப் பிரிந்துவிடும். வகுப்பில் மாணவர்களை வைத்துச் செய்துகாட்டினால் வாயைப் பிளப்பார்கள்.

‘யாரும் சொல்லவில்லை, தானாக நடந்தது’ என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதோடு விட்டுவிடக்கூடாது. அமெரிக்க நகரங்களில் தனித்தனிக் குடியிருப்பு ஆசையால் மட்டும் வந்ததல்ல. கறுப்பின மக்கள் இருந்த பகுதிகளை 1930களில் வரைபடத்தில் சிவப்பு அடித்து, அங்கே வீட்டுக் கடன் கிடைக்காமல் செய்தார்கள். வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் நிறம் பார்க்கக்கூடாது என்ற சட்டம் 1968இல்தான் வந்தது. நம் ஊர் நகர்களில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் பெயரைக் கேட்டு, அப்புறம் ஊரைக் கேட்டு, அப்புறம் ‘நீங்க யாருங்க’ என்று கேட்பார்களே, அதைத் தானாக நடந்தது என்று சொல்ல முடியாது.

ஓய்வுபெற்ற துப்புரவு ஆய்வாளர், ஈரோடு மாவட்டம்:

அந்தப் பையன் கேட்டதில் தப்பில்லை, கேட்கட்டும். பதில் இருக்கிறது.

அமெரிக்காவில் 1896இல் பிளெஸி வழக்கில் அவர்கள் உச்ச நீதிமன்றம், தனித்தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்றது. அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு ஐம்பது வருசத்துக்கு மேல் ஓட்டினார்கள். 1954 மே 17 அன்று பிரவுன் வழக்கில் அதே நீதிமன்றம், பள்ளிக்கூடத்தைத் தனியாக்கினாலே அது சமம் இல்லை என்று மாற்றிச் சொன்னது. கட்டடமும் வாத்தியார் சம்பளமும் ஒன்றாக இருந்தாலும், நிறத்துக்காகத் தனியே உட்காரவைத்த பிள்ளைக்குத் தான் மட்டம் என்ற எண்ணம் மனசில் விழுந்துவிடுகிறது என்று எழுதினார்கள். நான் மேலே சொன்ன பேப்பர் கப்பை இதோடு வைத்துப் பாருங்கள். டீ ஒரே டீதான், விலையும் ஒரே விலைதான்.

பஸ்ஸுக்கு வருகிறேன். 1955இல் அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் உட்கார்ந்திருந்த பஸ்ஸில் முன்வரிசை வெள்ளையருக்கு. அது நிரம்பிவிட்டால் அடுத்த வரிசையில் இருக்கிற கறுப்பின மக்களும் எழுந்து இடம் விடணும். அவர் எழவில்லை, கைது செய்தார்கள். நம் டவுன் பஸ்ஸில் பெண்கள் சீட்டு நிரம்பினால் ஒரு பெண் பொது சீட்டில் உட்காரலாமா, கூடாதா? தாராளமாக உட்காரலாம். ஏறவே முடியாமல், ஏறினால் இடிபட்டு நின்றவர்களுக்குக் கொஞ்சம் இடம் உறுதியாக்கினார்கள். மீதி இடத்திலிருந்து அவர்களை யாரும் துரத்தவில்லை. பிரித்தவர் யார், பிரிக்கப்பட்டவர் விரும்பினால் அந்தப் பக்கம் போக முடியுமா என்ற இரண்டை மட்டும் கேட்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியில் தொற்று நோயாளியைத் தனி வார்டில் வைப்பார்கள், குணமானதும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாதிக்கு அந்த டிஸ்சார்ஜ் கிடையாது.

இட ஒதுக்கீடும் இதே கணக்குதான். பள்ளிக்கூடத்துக்கும் ஆபீஸுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களை உள்ளே கொண்டுவருவது அது. பட்டியல் இனத்துக்கான 18 சதவீதத்துக்குள் அருந்ததியருக்கு 3 சதவீதத்தைத் தமிழ்நாடு 2009இல் சட்டமாக்கியது. அப்படி உள்ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. என்னோடு வேலை பார்த்த ஒரு அம்மாவின் பேத்தி இப்போது நர்சிங் படிக்கிறாள். குப்பை வண்டி தள்ளிய கையைப் பிடித்துக்கொண்டுதான் கவுன்சலிங்குக்கு வந்தாள். இதை ஆளைப் பிரிப்பது என்று அந்தப் பையன் சொன்னால், அந்த அம்மா எதிரில் வந்து சொல்லட்டும்.

கேன்டீன் விசயத்தில் கோபி ஆசிரியர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். முதலில் ஷிஃப்ட் நேரத்தையும் டோக்கன் வரிசையையும் பாருங்கள். வடக்குப் பையன்களை ஒரே லைனில் போட்டு ஒரே நேரத்தில் அனுப்பினால் அவர்கள் சேர்ந்துதான் உட்காருவார்கள். அது கம்பெனி பிரித்தது, தானாகப் பிரிந்தது இல்லை. தட்டும் டம்ளரும் எல்லோருக்கும் ஒன்றுதானா, சப்பாத்தி கேட்டால் கிடைக்கிறதா, குடிதண்ணீர் கேன் அவர்கள் பக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களும் லைன் சூப்பர்வைசர்களும் மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் மேசையில் போய் உட்காருங்கள். சேர்ந்து உட்காருங்கள் என்று போர்டு மட்டும் எழுதவேண்டாம். அந்தப் பக்கம் போனால் திட்டு விழாது என்று தெரிந்தால் போதும்.

குப்பைக்கான போர்டில் ‘மக்கும் குப்பை பச்சை, மக்காத குப்பை நீலம்’ என்பதோடு, ஊசி, பிளேடு, உடைந்த கண்ணாடிக்கு மூடி போட்ட தனி டப்பா என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். தையல் மிசின் ஊசி உங்கள் ஃப்ளோரில் தினமும் உடையுமே. அதைப் பொறுக்குகிறவர் கைக்கு முதலில் நல்ல தடிமனான கையுறை வாங்கிக் கொடுத்துவிட்டு, அப்புறம் போர்டை மாட்டுங்கள்.